வரிக்கணக்கும் கல்லூரி வாசலும்

கேட்பவனின் நிலையைக் கொடுப்பவன் எவ்வாறு அறிவது? அறச்செயல் தோன்றிய நாள்முதல் இக்கேள்வியும் அதனுடன் நடந்து வருகிறது. சிற்றூரில் விடை காண்பது எளிது. யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் வீட்டில் எரியவில்லை என்பது தெருவே அறிந்த செய்தி. நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையார் இன்றும் வீடு தேடிச் சென்று, கண்ணால் கண்டு வந்துதான் உதவிக்குப் பரிந்துரை செய்கின்றனர். ஆனால், முப்பது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஒரு நாட்டில், ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான பிள்ளைகள் கல்லூரி வாசலில் வந்து நிற்கையில், யார் யார் வீட்டு அடுப்பைப் பார்ப்பது? அமெரிக்க ஐக்கிய நாடுகள் இதற்குக் கண்ட வழி வியப்புக்குரியது. பெற்றோர் அரசுக்குத் தாக்கல் செய்யும் வருமானவரிக் கணக்கையே பிள்ளையின் தேவைக்கு அளவுகோலாக அந்நாடு ஆக்கிக்கொண்டது. குடிமகனிடமிருந்து வாங்குவதற்காக எழுதப்பட்ட தாள், அவன் பிள்ளைக்குக் கொடுப்பதற்கும் அடிப்படையாயிற்று. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் யார் பயனடைந்தனர், யார் இடறி விழுந்தனர் என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம்.

ஏழை மாணவனுக்கு உதவும் வழக்கம் அங்குப் பழமையானதே. ஹார்வர்டு கல்லூரி தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த 1643-ஆம் ஆண்டில், ஆன் ராட்கிளிஃப் என்னும் இயற்பெயர் கொண்ட மோல்சன் சீமாட்டி, வறிய மாணவர் ஒருவரின் படிப்புக்கென 100 பவுன் அளித்தார். அக்காலத்தில் தேவையை அளக்க எந்தப் படிவமும் வேண்டியிருக்கவில்லை. கல்லூரித் தலைவர் மாணவனை அறிவார், மாணவனின் ஊர்க் குருவானவர் அவன் தந்தையை அறிவார், அவ்வளவே. வருமானவரியும் அன்று இல்லை. அமெரிக்க அரசமைப்பின் பதினாறாம் திருத்தத்தால் 1913-இல்தான் அது நிலைபெற்றது. அதன் பிறகும் நெடுங்காலம் அது செல்வர் வரியாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போரின் செலவு அந்நிலையை மாற்றியது. 1939-இல் ஏறத்தாழ 40 இலட்சம் பேரே வருமானவரி செலுத்தினர். 1945-இல் அவர்கள் தொகை 4 கோடியைத் தாண்டியது. கூலி வாங்கும் தொழிலாளியும் ஆண்டுக்கொரு முறை தன் வருவாயை எழுதிக் கையெழுத்திடும் வழக்கம் அப்போதுதான் பிறந்தது. இதைக் கருத்தில் கொண்டாலன்றி அடுத்து நிகழ்ந்தவை விளங்கா. எல்லாரும் எழுதும் தாளாக ஆன பின்னரே, அது எல்லாரையும் அளக்கும் கோலாக முடிந்தது.

போருக்குப் பின் கல்லூரிகள் தமக்குள் போட்டியிட்டன. அறிவுக்கூர்மையுள்ள மாணவனை ஈர்ப்பதற்காக, அவன் தந்தை செல்வரா வறியரா என்று பாராமல் உதவித்தொகையை ஏலம்போல் உயர்த்தின. பணம் தேவையற்றோரிடம் போய்ச் சேர்ந்தது. இதைக் கண்டு மனம் வருந்தியவர்களுள் ஒருவர், ஹார்வர்டில் மாணவர் உதவிப் பொறுப்பை ஏற்றிருந்த ஜான் மன்றோ. குடும்பத்தின் வருவாய், பிள்ளைகளின் எண்ணிக்கை, தவிர்க்க இயலாத செலவுகள் ஆகியவற்றைக் கொண்டு, அக்குடும்பம் கல்விக்கு எவ்வளவு தர இயலும் எனக் கணக்கிடும் முறையொன்றை அவர் வகுத்தார். கல்லூரிக் கட்டணத்திலிருந்து அத்தொகையைக் கழித்தால் எஞ்சுவதே மாணவனின் தேவை. உதவி அந்த அளவுக்கே. இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு 1954-இல் கல்லூரி உதவித்தொகைப் பணியகம் என்னும் அமைப்பு உருவாயிற்று. பெற்றோர் தம் வருவாயையும் சொத்தையும் மந்தண அறிக்கையாக ஒரே இடத்திற்கு எழுதி அனுப்புவர். அங்கிருந்து அது கல்லூரிகளுக்குச் செல்லும்.

மன்றோவைப் பற்றி இன்னும் ஒரு சொல். ஹார்வர்டு கல்லூரியின் முதல்வராக உயர்ந்த அவர், 1967-இல் அப்பதவியைத் துறந்து, அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் கறுப்பின மாணவர்கள் பயின்ற மைல்ஸ் கல்லூரி என்னும் சிறு கல்லூரிக்கு ஆசிரியராகச் சென்றார். பின்னர் மிசிசிப்பியிலுள்ள டூகலூ கல்லூரியிலும் பணியாற்றினார். ஏழை மாணவனைக் கணக்கால் அளக்கும் முறையை வகுத்தவர், இறுதியில் அவன் அருகிலேயே போய் அமர்ந்துகொண்டார். இம்மனிதரின் முறை உலகெங்கும் அறியப்பட்ட அளவுக்கு இவருடைய வாழ்வு அறியப்படவில்லையே என்பது நம் ஆதங்கம்.

அரசு இத்துறையில் நுழைந்தது சற்றுப் பின்னரே. இரஷ்யா 1957-இல் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும் அதிர்ந்த அமெரிக்கா, 1958-இல் மாணவர்க்குக் கடன் வழங்கும் சட்டத்தை இயற்றியது. 1965 நவம்பர் 8-இல், உயர்கல்விச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் தாம் பயின்ற கல்லூரியிலேயே கையெழுத்திட்டார். இளமையில் டெக்சாஸின் கொட்டுல்லா என்னும் ஊரில், மெக்சிகோ வழிவந்த ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர் அவர். 1972-இல் வந்த திருத்தம் இன்னும் முக்கியமானது. திருப்பித் தர வேண்டாத அடிப்படை உதவித்தொகை ஒன்றை அது ஏற்படுத்தியது. சட்டம் காட்டிய உச்ச வரம்பு 1,400 டாலர். முதலாண்டில் உண்மையாகக் கிடைத்த மிகுதியான தொகை 452 டாலரே. அதற்காக உழைத்த செனட்டர் கிளைபோர்ன் பெல்லின் பெயரால் 1980 முதல் அது பெல் உதவித்தொகை என்று வழங்கப்படுகிறது. இனித் தேவையை அளப்பது கல்லூரியின் தனிப்பட்ட இரக்கம் அன்று, அரசின் கடமை. அரசு அளக்க வேண்டுமெனில் அரசின் கையிலேயே இருக்கும் தாள் எது? வருமானவரிக் கணக்கு.

இங்கேதான் சிக்கல்கள் தொடங்கின. அவற்றுள் முதலாவது, யாருடைய கணக்கு என்பது. பிள்ளை பெற்றோரைச் சார்ந்தவனா, தனித்து நிற்பவனா? சார்ந்தவன் எனில் பெற்றோரின் வருவாயைப் பார்க்க வேண்டும். தனித்து நிற்பவன் எனில் அவனுடைய சொற்ப வருவாயே கணக்கு. 1986-க்கு முன்பு இதை முடிவு செய்ததில் வரிக்கணக்குக்கு நேரடிப் பங்கு இருந்தது. பெற்றோர் தம் வரிக்கணக்கில் அப்பிள்ளையைச் சார்ந்தவனாகக் காட்டிச் சலுகை பெறவில்லை, அவன் ஆண்டில் ஆறு வாரத்திற்குமேல் அவர்களோடு தங்கவில்லை, 750 டாலருக்குமேல் அவர்களிடம் பெறவில்லை என்றால் அவன் தனியன். வசதி படைத்த தந்தை சிறியதொரு வரிச்சலுகையை விட்டுக்கொடுத்து, மகனைத் தாளில் மட்டும் அனாதையாக்கிவிட இவ்விதி இடம் தந்தது. 1986-இல் விதி மாறியது. 24 வயது நிரம்பியவனே பொதுவில் தனியன் என்றாயிற்று. 1992-க்குப் பின் அந்த வயதுக்குக் கீழே திருமணமானோர், படைப்பணி செய்தோர், பெற்றோரை இழந்தோர் போன்றோருக்கே விதிவிலக்கு. ஆயினும் பழைய எண்ணம் இன்னும் மறையவில்லை. 'இவ்வாண்டு உன் பெயரை என் கணக்கில் காட்டவில்லை, ஆகவே உனக்கு முழு உதவி கிடைக்கும்' என்று நம்பும் பெற்றோர் இன்றும் உளர். வரிச்சட்டத்தில் சார்ந்தவன் என்பது வேறு. உதவிச்சட்டத்தில் சார்ந்தவன் என்பது வேறு.

இரண்டாவது சிக்கல் நாட்காட்டியில் இருந்தது. அமெரிக்கர் தம் வரிக்கணக்கை ஏப்ரல் 15-க்குள் தாக்கல் செய்வர். கல்லூரிகளும் மாநிலங்களும் உதவி விண்ணப்பத்துக்கு வைத்த கடைசி நாளோ பல இடங்களில் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களிலேயே முடிந்துவிடும். முந்திய ஆண்டின் வருவாயைக் கேட்கும் படிவம், அந்த வருவாய்க்கான கணக்கு எழுதப்படும் முன்பே நிரப்பப்பட வேண்டியதாயிற்று. பலர் உத்தேசமாக எழுதினர், பின்னர்த் திருத்தினர். திருத்த மறந்தோர் சரிபார்ப்பில் சிக்கினர். காத்திருந்து துல்லியமாக எழுதியோருக்கோ பணம் தீர்ந்துபோயிருந்தது. 1992-ஆம் ஆண்டுச் சட்டம், கூட்டரசு மாணவர் உதவிக்கான இலவச விண்ணப்பம் என்னும் ஒரே படிவத்தை நாடு முழுமைக்கும் கொணர்ந்தது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஃபாஃப்சா' என்பர். குடியிருக்கும் வீட்டின் மதிப்பை அரசுக் கணக்கில் சேர்ப்பதையும் அச்சட்டம் நிறுத்தியது. எனினும் நாட்காட்டிச் சிக்கலுக்கு அது தீர்வு காணவில்லை. 2015-இல் அறிவிக்கப்பட்டு, 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மாற்றமே, இரண்டாண்டுக்கு முந்திய வரிக்கணக்கை எடுத்துக்கொள்ளலாம் என்றது. மிக எளிய திருத்தம். இதைக் காண ஓர் அரசுக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின!

மூன்றாவது சிக்கலே நம் நெஞ்சைத் தொடுவது. வருவாய் ஒரு வரம்புக்குக் கீழே உள்ளவர் வரிக்கணக்கு தாக்கல் செய்யவே வேண்டியதில்லை. மிக ஏழையானவரிடம் அந்தத் தாளே இராது. அளவுகோல் இல்லாதவரை எவ்வாறு அளப்பது? விண்ணப்பங்களுள் ஒரு பகுதியைச் சரிபார்ப்புக்கென அரசு தேர்ந்தெடுக்கும். தேர்ந்தெடுக்கப்படுவோருள் பெரும்பாலோர் பெல் உதவிக்குத் தகுதியுள்ள வறியோரே. அவர்களுள் வரிக்கணக்கு தாக்கல் செய்யாதோர், 'இவர் கணக்கு தாக்கல் செய்யவில்லை' என்று வரித்துறையே எழுதித் தரும் கடிதத்தை வாங்கி வர வேண்டும் என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. இல்லாத ஒன்றுக்குச் சான்று! நிலையான முகவரி இல்லாத தாய், வாடகை மாறி மாறி வாழும் குடும்பம், இவர்கள் அக்கடிதத்துக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தனர், வராமற்போனதும் உண்டு. 2019 ஜனவரியில் அரசு இவ்விதியைத் தளர்த்தி, கையொப்பமிட்ட உறுதிமொழியே போதும் என்றது. பணமுள்ளவனின் சொல்லுக்கு அவன் தாள் சான்று. பணமில்லாதவனின் சொல்லுக்கு எதுவும் சான்றன்று என்பதாக அமைந்திருந்த ஒரு முறையை, கொடுமனம் படைத்த எவரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. நேர்மையான அலுவலர்கள், ஏமாற்றைத் தடுக்கும் நல்லெண்ணத்தோடு, ஒவ்வொரு வரியாகச் சேர்த்துக் கட்டியது அது. இதை நாம் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். ஏனெனில் உதவி வழங்கும் எந்த அலுவலகத்திலும், பங்கு அலுவலகம் உட்பட, இது நிகழக் கூடும்.

ஏமாற்று நிகழாமலில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பது கவனத்துக்குரியது. 2019-இல் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவை அடுத்த வளமான பகுதிகளிலிருந்து ஒரு செய்தி வெளியாயிற்று. 17 வயதான தம் பிள்ளைகளின் காப்பாளர் உரிமையை நீதிமன்றத்தில் உறவினருக்கோ நண்பருக்கோ மாற்றிக் கொடுத்த பெற்றோர் பலர் அங்கிருந்தனர். பிள்ளை வீட்டைவிட்டுப் போகவுமில்லை, அன்பு குறையவுமில்லை. ஆயின், காப்பாளரின் கீழ் உள்ள பிள்ளை தனியன் என்பது உதவிச் சட்டம். ஆகவே பெற்றோரின் வரிக்கணக்கு கணக்கிலிருந்தே மறைந்துவிடும். மாநிலப் பல்கலைக்கழகத்தின் அலுவலர்கள் ஐயுற்று வினவியபோதே இது வெளிப்பட்டது. வழக்கறிஞர் வைத்து, சட்டத்துக்கு உட்பட்டே இது செய்யப்பட்டது என்பதுதான் வேடிக்கை. வறியவன் தான் வறியவன் என நிறுவ அலைந்துகொண்டிருந்த அதே ஆண்டில், செல்வன் தான் தந்தையல்லன் என நிறுவிக்கொண்டான்.

இனி, நம்பிக்கையூட்டும் ஓர் ஆய்வைக் கூறுவோம். 2008-ஆம் ஆண்டு, பெட்டிங்கர், லாங், ஒரியோபூலஸ், சான்போன்மாட்சு ஆகிய நால்வர், ஒஹையோ மாநிலத்திலும் வட கரோலினாவின் சார்லட் பகுதியிலும், எச் அண்டு ஆர் பிளாக் என்னும் வரிக்கணக்கு எழுதித் தரும் நிறுவனத்தின் அலுவலகங்களில் ஒரு சோதனை நடத்தினர். குறைந்த, நடுத்தர வருவாயுள்ள குடும்பத்தார் வரிக்கணக்கு எழுதிக்கொள்ள அங்கு வருவர். அவர்களுள் ஒரு பகுதியினருக்கு, வரிக்கணக்கிலுள்ள விவரங்களைக் கொண்டே உதவி விண்ணப்பத்தையும் அங்கேயே, சில நிமிடங்களில், நிரப்பிக் கொடுத்தனர். இன்னொரு பகுதியினருக்கு எவ்வளவு உதவி கிடைக்கலாம் என்ற செய்தியை மட்டும் சொல்லி அனுப்பினர். விளைவு என்ன? படிவம் நிரப்பித் தரப்பட்ட வீட்டுப் பள்ளியிறுதி மாணவர்களுள், அடுத்த மூன்றாண்டுகளில் இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்தோர் 28 விழுக்காட்டிலிருந்து 36 விழுக்காடாக உயர்ந்தனர். செய்தி மட்டும் கேட்டுச் சென்றோரிடம் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. அறிவுரை அவர்களைக் கல்லூரிக்கு அனுப்பவில்லை. அருகிலிருந்து எழுதித் தந்த கைதான் அனுப்பியது. மேடையேறிப் பேசும் பணியிலுள்ள நம்மைப் போன்றோர் இம்முடிவை இருமுறை படிப்பது நலம்.

இவ்வாய்வு 2012-இல் முழுமையாக வெளியானது. இரு துறைகளும் ஒன்றோடொன்று பேசினால் ஏழை இருமுறை எழுத வேண்டாமே என்ற எண்ணம் அப்போதே வலுத்திருந்தது. வரித்துறையிலிருந்து விவரங்களை விண்ணப்பத்துக்கு இழுத்துக்கொள்ளும் வசதியும் ஏற்பட்டிருந்தது. ஆனால் 2017 மார்ச்சில் திருடர்கள் அவ்வழியே பிறர் வரிவிவரங்களைக் கவர முற்பட்டது தெரியவர, சில மாதங்கள் அதை மூடி வைத்தனர். செனட்டர் லமார் அலெக்சாண்டர், நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட அப்படிவத்தை அவையில் தரையளவு நீளத் தொங்கவிட்டுக் காட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டார். அவர் ஓய்வுபெறும் தறுவாயில், 2020 டிசம்பரில், எளிமையாக்கும் சட்டம் நிறைவேறியது. அதற்கு முந்திய ஆண்டே, ஒப்புதலின் பேரில் வரித்துறை நேரடியாக விவரங்களைத் தரலாம் என்று வேறொரு சட்டம் வழி திறந்திருந்தது. புதிய முறையில், வரிக்கணக்கு தாக்கல் செய்யக் கடமைப்படாத பெற்றோரின் பிள்ளைக்கு முழுப் பெல் தொகை உரியது. 2024-25 கல்வியாண்டில் அது 7,395 டாலர். வருவாய் வறுமைக்கோட்டின் 175 விழுக்காட்டுக்கு மேற்படாத பெற்றோரின் பிள்ளைக்கும், 225 விழுக்காட்டுக்கு மேற்படாத தனித்த தாய் அல்லது தந்தையின் பிள்ளைக்கும் அவ்வாறே. தாளில்லாமை குற்றம்போல் நடத்தப்பட்ட நிலை மாறி, அதுவே தகுதியாயிற்று.

சட்டம் நன்று, செயலாக்கம் தடுமாறியது. வழக்கமாக அக்டோபரில் திறக்க வேண்டிய விண்ணப்பம் 2023 டிசம்பர் இறுதியில்தான் திறந்தது. கணினி பழுதுகள் தொடர்ந்தன. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரின் பிள்ளைகள் பல வாரங்கள் விண்ணப்பத்தை முடிக்கவே இயலாது நின்றனர். முதல் ஐந்து மாதங்களில் உதவி கேட்டு வந்த தொலைபேசி அழைப்புகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு மறுமொழியே கிடைக்கவில்லை என்று அரசின் தணிக்கை அலுவலகம் பின்னர்க் கூறியது. எளிமையாக்கும் சட்டம் வேறொரு முடிச்சையும் போட்டிருந்தது. பழைய விதியில் விலக்குப் பெற்றிருந்த குடும்ப விளைநிலமும் சிறுதொழிலும் புதிய விதியில் சொத்தாகக் கணக்கிடப்பட்டன. நிலத்தை விற்றா மகளைப் படிக்க வைப்பது என்று உழவர்கள் கேட்டனர். 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டம் 2026-27 முதல் அவ்விலக்கை மீண்டும் தந்தது.

நம் பங்குகளிலிருந்து சென்று அங்கு வாழும் குடும்பங்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பணிக்கான விசாவில் இருக்கும் தந்தை முறையாக வரிக்கணக்கு தாக்கல் செய்வார். அங்குப் பிறந்த இளைய மகள் குடிமகளாதலின், அந்தக் கணக்கைக் கொண்டு கூட்டரசு உதவிக்கு விண்ணப்பிக்கலாம். இங்குப் பிறந்து, சிறு வயதில் தந்தையோடு சென்ற மூத்த மகனோ சார்ந்தோர் விசாவில் இருப்பவன். அதே தந்தை, அதே வரிக்கணக்கு, அதே வீடு. ஆயினும் கூட்டரசு உதவிக்கு அவனுக்குத் தகுதியில்லை. வரி செலுத்துதல் மட்டும் உரிமையைத் தந்துவிடாது என்பதைக் குடியேறிய பல பெற்றோர், மூத்த பிள்ளை பள்ளி முடிக்கும் ஆண்டில்தான் அறிகின்றனர்.

புதிய முறையில் ஒரு நிபந்தனை விலக்கின்றி நிற்கிறது. பெற்றோர் கூட்டாக வரிக்கணக்கு தாக்கல் செய்திருந்தால் ஒருவரும், தனித்தனியே செய்திருந்தால் இருவரும், கணக்கே தாக்கல் செய்யாவிடினும்கூட, தம் வரிவிவரங்களைப் பெற ஒப்புதல் தந்தாக வேண்டும். மறுத்தால் பிள்ளைக்குக் கூட்டரசு உதவி இல்லை. வரித்துறையிடம் சொன்னவை வெளியே போகா என்ற உறுதியை அமெரிக்கர்க்குத் தந்தது 1976-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த உறுதியை நம்பியே, குடியுரிமைத் தாள்கள் இல்லாத தொழிலாளர் பலர், 1996 முதல் வழங்கப்பட்ட தனி வரி எண்ணைப் பெற்று ஆண்டுதோறும் கணக்கு தாக்கல் செய்து வந்தனர். அவர்களுடைய பிள்ளைகளுள் அங்கேயே பிறந்து குடிமக்களானோர் பெல் உதவிக்குத் தகுதியுள்ளோர். 2025 ஏப்ரலில் வரித்துறைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் இடையே ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. குடிவரவு நடவடிக்கைக்கென முகவரி போன்ற விவரங்களைக் கேட்டுப் பெற அது வழிவகுத்தது. அதனை எதிர்த்து வழக்குகளும் எழுந்தன. 17 வயதுப் பெண் கணினிமுன் அமர்ந்து தன் விவரங்களை எல்லாம் எழுதி முடித்துவிட்டாள். அடுத்துத் தந்தையின் பெயர், பிறந்த நாள், முகவரி. அதன்கீழ் ஒப்புதலுக்கான கட்டம். அவர் இருபது ஆண்டுகளாக ஒரு கணக்கும் தவறவிடாமல் வரி செலுத்தியவர். மகள் நாற்காலியை நகர்த்தி அவருக்கு இடம் விடுகிறாள்.